‘தீவிரவாதி’ என்று அச்சிடும் முன்

வாசகர் கேள்வி

மதுரையில் சமூக நல்லிணக்கத்துக்காக இயங்கும் ஒரு சின்ன அமைப்பின் செயலாளர் நான். 2025 பிப்ரவரியில் திருப்பரங்குன்றம் பிரச்சினையில் தடை உத்தரவு போட்டதிலிருந்து, மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் வெறுப்பைக் கிளப்புகிறவர்களின் பேச்சுகளைச் சேகரித்து வருகிறோம். ‘தென்மாவட்டங்களின் தீவிரவாத முகங்கள்’ என்ற தலைப்பில் 40 பேரின் பெயர், படம், ஊர், தொழில் எல்லாவற்றையும் போட்டு ஒரு புத்தகம் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள் எங்கள் இளைஞர்கள். மூத்த உறுப்பினர் ஒருவரோ, “அமெரிக்காவில் இப்படிப் பட்டியல் போட்டுத் துப்பாக்கிச்சூடே நடந்திருக்கிறது, வேண்டாம்” என்கிறார். அது உண்மையா? சட்டப்படி நாங்கள் வெளியிடலாமா? இதற்கிடையில் எங்களையே ‘நகர்ப்புற நக்சல் கும்பல்’ என்று பெயர் போட்டு செல்லூர்ப் பக்கம் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?

செயலாளர், மதுரை

வழக்கறிஞர் பதில்

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

அறிக்கை போடுங்கள். ஆனால் இந்தத் தலைப்பும் இந்த வடிவமும் வேண்டாம். யார் என்ன பேசினார், எங்கே பேசினார் என்பதைப் பதிவு செய்யுங்கள். ஆளுக்குப் பட்டம் கட்டாதீர்கள். காரணத்தைச் சொல்லிவிட்டுச் செய்முறைக்கு வருகிறேன்.

உங்கள் மூத்த உறுப்பினர் சொன்னது நடந்த சம்பவம்தான். சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்ற அமெரிக்க உரிமை அமைப்பு, வெறுப்புக் குழுக்கள் என்று தான் கருதுகிறவற்றை ஆண்டுதோறும் பட்டியலிடுகிறது. ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில் என்ற கிறிஸ்தவப் பழமைவாத அமைப்பு, தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிப் பொய்யான தகவல்களைப் பரப்புகிறது என்று காரணம் காட்டி அதை 2010-இல் பட்டியலில் சேர்த்தது. 2012 ஆகஸ்ட் 15 அன்று ஒருவர் 9 எம்.எம். துப்பாக்கியோடு ஃபேமிலி ரிசர்ச் கவுன்சிலின் வாஷிங்டன் அலுவலகத்துக்குள் நுழைந்து காவலாளியைச் சுட்டார். கையில் குண்டு பாய்ந்தும் காவலாளி அவரை மடக்கிப் பிடித்ததால் யாரும் சாகவில்லை. இந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று எஃப்.பி.ஐ. கேட்டபோது, அந்த உரிமை அமைப்பின் இணையதளத்தில் பார்த்ததாகச் சொன்னார். 2013-இல் அவருக்கு 25 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

பட்டியல்தான் அவரைச் சுட வைத்தது என்று இதை வைத்துச் சொல்வது மிகை. கோபம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அந்தக் கோபம் எந்த வாசல் கதவைத் தட்ட வேண்டும் என்பதைப் பட்டியல் காட்டிக் கொடுத்தது. உங்கள் புத்தகத்தைப் பற்றிய கேள்வியும் இதுதான்: ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆளுக்கு அது எதைக் கையில் கொடுக்கிறது?

2025 செப்டம்பர் 10 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பழமைவாத அரசியல் பேச்சாளர் சார்லி கர்க் சுட்டுக் கொல்லப்பட்டபோது இதே வாதம் மறுபடி எழுந்தது. அவருடைய அமைப்பைப் பற்றி அதே உரிமை அமைப்பு அந்த ஆண்டு மே மாதம்தான் தன் அறிக்கையில் எழுதியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் கிளம்பினார் என்று காட்ட ஆதாரம் எதுவும் வைக்கப்படவில்லை. இருந்தும் அடுத்த மாதமே எஃப்.பி.ஐ. அந்த அமைப்போடும், ஏ.டி.எல். என்ற யூத உரிமை அமைப்போடும் உறவை முறித்துக்கொண்டது. ஏ.டி.எல். தன் தீவிரவாதச் சொல்லகராதியையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே வன்முறைக்கும் பட்டியலுக்கும் நேர்த் தொடர்பு இல்லாதபோதும் பட்டியல் போட்டவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் 40 பேரில் ஒருவர் மீது நாளை எவனோ கை வைத்தால், திலகர் திடல் ஸ்டேஷனோ மேலூர் ஸ்டேஷனோ முதலில் கூப்பிடப்போவது உங்களைத்தான்.

இன்னொரு வழக்கையும் இளைஞர்களிடம் சொல்லுங்கள். 1990-களில் அமெரிக்காவில் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள், கருக்கலைப்பு செய்யும் டாக்டர்களின் பெயர்களை ‘நியூரம்பெர்க் கோப்புகள்’ என்ற இணையதளத்தில் வரிசையாகப் போட்டார்கள். காயம்பட்டவர் பெயர் மங்கலாக்கப்படும், கொல்லப்பட்டவர் பெயர் அடிக்கப்படும். 1998 அக்டோபரில் டாக்டர் பார்னெட் ஸ்லெப்பியன் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவர் பெயரின் குறுக்கே கோடு விழுந்தது. ‘கொல்’ என்ற சொல் எங்கேயும் இல்லை. ஆனாலும் 1999-இல் ஜூரி 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. தொகை பிறகு குறைக்கப்பட்டாலும், இது மிரட்டல்தான், பேச்சுரிமை இதைக் காப்பாற்றாது என்று 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. அதற்கு முன் இதே மாதிரி போஸ்டர் போடப்பட்ட டாக்டர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தச் சூழலை வைத்துத்தான் நீதிமன்றம் அர்த்தம் எடுத்துக்கொண்டது.

நம் பக்கமும் அந்தச் சூழல் இருக்கிறது. கோயம்புத்தூரில் 2016 செப்டம்பரில் இந்து முன்னணியின் சசிகுமார் கொல்லப்பட்டார். அதே ஊரில் 2017 மார்ச்சில், கடவுள் மறுப்பு பேசிய ஃபாரூக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ். மதத்தின் எதிரி என்ற பட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இந்த மூன்று பெயர்கள் போதும். மதுரை மாவட்டத்தில் 2011 அக்டோபரில் அத்வானியின் ரத யாத்திரைப் பாதையில், திருமங்கலத்தை அடுத்த ஆலம்பட்டியில் பாலத்தடியில் பைப் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டது. அவருக்குப் பாதுகாப்புப் படை இருந்தது, முன்கூட்டியே சோதனை போட்டார்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் வார்டு அளவுப் பேச்சாளருக்கு அது கிடையாது. ஊரும் தொழிலும் தெரிந்தால் உசிலம்பட்டியிலோ வாடிப்பட்டியிலோ ஓர் ஆளின் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு டீக்கடையில் கேட்டாலே போதும்.

அடுத்து, பட்டம் கட்டுகிறவருக்கு வரும் சிக்கல். மேலே சொன்ன அதே அமெரிக்க அமைப்பு, மஜித் நவாஸ் என்ற பிரிட்டிஷ் முஸ்லிம் சீர்திருத்தவாதியை 2016-இல் முஸ்லிம் எதிர்ப்புத் தீவிரவாதிகள் வரிசையில் சேர்த்தது. மத அடிப்படைவாதத்தை எதிர்த்து வேலை செய்துகொண்டிருந்தவர் அவர். 2018-இல் பகிரங்க மன்னிப்பும் 33.75 லட்சம் டாலரும் கொடுத்து அமைப்பு சமரசம் செய்துகொண்டது. நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர் பென் கார்சனை 2014-இல் கண்காணிப்புப் பட்டியலில் போட்டு, சில மாதங்களில் எடுத்துவிட்டு வருத்தம் தெரிவித்தது. பிற்பாடு அவர் மத்திய அமைச்சராகவே ஆனார். இதில் நஷ்டம் பணத்தோடு நிற்கவில்லை. ஒரு தவறான பெயர் உள்ளே வந்தால், சரியாகப் பிடித்த பெயர்கள் மீதும் சந்தேகம் விழுகிறது. உண்மையிலேயே ஆபத்தான ஆள், “நவாஸையே போட்டவர்கள்தானே இவர்கள்” என்று சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

இத்தனைக்கும் அந்த அமைப்பு சாதித்த பெரிய காரியம் பட்டியலால் வந்ததில்லை. 1981-இல் அலபாமாவில் மைக்கேல் டொனால்ட் என்ற கறுப்பின இளைஞரைக் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்கள் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். அவர் தாயின் சார்பில் அந்த அமைப்பின் வக்கீல்கள் ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, சாட்சி சாட்சியாக நிரூபித்தார்கள். 1987-இல் 70 லட்சம் டாலர் தீர்ப்பு வந்தது. யுனைடெட் க்ளான்ஸ் என்ற அந்தக் கும்பலின் தலைமையகக் கட்டடமே அந்தத் தாயின் பெயருக்கு மாறியது, கும்பலும் ஒழிந்தது. உங்கள் இளைஞர்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் இதைக் காட்டுங்கள்.

இனி நம் சட்டம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. 2 ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அவதூறு என்று தெரிந்தோ, தெரிய நியாயமான காரணம் இருந்தோ அச்சிட்டவரும் அதே பிரிவில் மாட்டுவார். உங்கள் அச்சக உரிமையாளரிடம் இதை முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

“நாங்கள் உண்மையைத்தானே எழுதுகிறோம்” என்பது மட்டும் குற்ற வழக்கில் போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். மற்ற விலக்குகள் பலவற்றில் ‘நல்லெண்ணத்தோடு’ என்ற நிபந்தனை வருகிறது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. அதாவது மனசு சுத்தம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சரிபார்த்தீர்களா, பதில் கேட்டீர்களா, முழுப் பேச்சையும் கேட்டீர்களா என்றுதான் குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்.

அரசு ஊழியர்கள், மக்கள் பிரதிநிதிகள் ஆகியோரின் பணி சார்ந்த நடத்தையை விமர்சிக்க உங்களுக்கு அதிக இடம் உண்டு. ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் சொல்லும் ராஜகோபால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியிருக்கிறது. உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதியதாக நிரூபித்தால்தான் அவர்கள் இழப்பீடு வாங்க முடியும். ஆனால் உங்கள் 40 பேரில் எத்தனை பேர் பதவியில் இருக்கிறார்கள்? மளிகைக் கடைக்காரரும் தனியார் பள்ளி ஆசிரியரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

‘தீவிரவாதி’ என்ற சொல்லுக்கே வருவோம். அரசாங்கம் ஓர் அமைப்பைச் சட்டவிரோதமானது என்று அறிவித்தாலும் உபா என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டப்படி 30 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். தீர்ப்பாயம் 6 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு தனிநபரையும் பயங்கரவாதி என்று அறிவிக்கிறார்கள். அதைப் பற்றி எனக்குக் கடுமையான ஆட்சேபம் உண்டு. ஆனாலும் அதில்கூட அரசிதழ் அறிவிப்பு, நீக்கக் கோரும் மனு, மறுஆய்வுக் குழு என்று படிகள் இருக்கின்றன. உங்கள் புத்தகத்தில் ஒருவர் பெயர் வந்துவிட்டால் அவர் எந்தப் படியில் ஏறி வருவார்? நீதிமன்றமோ அரசிதழோ சொன்னவரைத் தவிர வேறு யாருக்கும் அந்தச் சொல்லைப் போடாதீர்கள். சொன்ன இடத்திலும் வழக்கு எண்ணோடு, அறிவிப்புத் தேதியோடு போடுங்கள்.

செய்முறைக்கு வருகிறேன். கையிலிருக்கும் பேச்சுகளை மூன்று கோப்புகளாகப் பிரியுங்கள்.

அடி, வெட்டு, கொளுத்து, ஊரைவிட்டுத் துரத்து என்று நேராகத் தூண்டுகிற பேச்சு, ஓர் ஆளையோ தெருவையோ சுட்டி விடும் மிரட்டல், இவை முதல் கோப்பு. இவை புத்தகத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே போலீசுக்குப் போக வேண்டும். நியாய சன்ஹிதாவின் பிரிவு 196 (பிரிவினரிடையே பகை மூட்டுதல்), 353 (பொதுத் தீங்கு விளைவிக்கும் பேச்சு), 351 (மிரட்டல்) எல்லாம் இங்கேதான் வரும். வெறுப்புப் பேச்சுக்குப் புகார் வராவிட்டாலும் போலீஸ் தானாக வழக்குப் போட வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. அதை மனுவில் குறிப்பிடுங்கள். மிரட்டப்பட்டவருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

ஒரு சாதியையோ மதத்தையோ மொத்தமாக இழிவுபடுத்துகிற, ஒதுக்கச் சொல்கிற பேச்சு இரண்டாவது கோப்பு. உங்கள் அறிக்கை முழுக்க இதுதான்.

மூன்றாவது, உங்களுக்குப் பிடிக்காத கருத்து. இடஒதுக்கீடு வேண்டாம் என்பது, கோயில் நிர்வாகத்தை அரசு விட வேண்டும் என்பது, மதமாற்றத்தை எதிர்ப்பது, அல்லது காஷ்மீரைப் பற்றி மாற்றுக் கருத்து சொல்வது. இவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். பட்டியல்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்றாவது கோப்பு இரண்டாவதோடு கலக்கும்போதுதான். நேர்மையாகப் பிரித்தால் 40 பெயர் நிற்காது. நிற்க வேண்டியதில்லை. அதோடு, எடுக்கும் பேச்சு எல்லாம் ஒரே மதத்துக்காரருடையதாகவோ ஒரே கட்சிக்காரருடையதாகவோ இருந்தால் நிறுத்தி யோசியுங்கள். பேசியவர் எல்லாரும் ஒரே பக்கமா, நீங்கள் ஒரே பக்கம்தான் கேட்டீர்களா? அதே அளவுகோலை உங்களுக்கு வேண்டியவர் பேச்சிலும் வைத்துப் பாருங்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கற்பனை மாதிரி:

“மேலூர் பொதுக்கூட்டம், இன்ன தேதி, இரவு 7.40. பேசியவர்: இன்ன அமைப்பின் ஒன்றியச் செயலாளர். சொன்னது: ‘அவனுங்க கடையில ஒரு தீப்பெட்டிகூட வாங்காதீங்க, நம்ம தெருவுல வாடகைக்கு விடாதீங்க.’ முழுப் பேச்சு 34 நிமிடம், இது 21-ஆவது நிமிடத்தில். விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதம் கிடைத்ததற்கான சான்று வந்தது. 15 நாளில் பதில் இல்லை.”

இதில் ஒரு பட்டமும் இல்லை. படிக்கிறவர் தானே முடிவுக்கு வருவார். பேசியவர் வழக்குப் போட்டால் “நான் அப்படிப் பேசவில்லை” என்று மட்டும்தான் சொல்ல முடியும். அதற்கு உங்களிடம் வீடியோ இருக்கிறது. ‘மதவெறித் தீவிரவாதி’ என்று எழுதினாலோ, அந்தச் சொல்லை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் ஏறும்.

வீடியோவைக் காப்பாற்றுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த காட்சியை நம்பாதீர்கள். அது சுருங்கிப்போன நகல், பெரும்பாலும் வெட்டப்பட்டதும்கூட. மூலப் பதிவைத் தேடி இறக்கி, இணைய முகவரி, இறக்கிய தேதி, நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். உங்கள் ஆளே படம் பிடித்திருந்தால் அந்த போனையோ மெமரி கார்டையோ அழிக்காமல் உறையில் போட்டு வையுங்கள். கோப்புக்கு ஹாஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை மாதிரியான குறியீடு) எடுத்து நோட்டில் குறியுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழில் அதைக் கேட்கிறார்கள். சான்றிதழில் இரண்டு பகுதி உண்டு, ஒன்று சாதனத்தை வைத்திருப்பவர் போடுவது, மற்றது நிபுணர் போடுவது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக ஒருமுறை அனுப்பினாலே அந்த மதிப்பு மாறிவிடும், ஆகவே பென்டிரைவில் நகலெடுங்கள். பேச்சை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதி, பிறகு ஒப்பிடட்டும். கூட்டத்தின் விசில் சத்தத்தில் ‘விடாதீங்க’ என்பது ‘விடுங்க’ என்று கேட்கும். அந்த ஒரு சொல்லில் வழக்கே திரும்பிவிடும்.

பெயர் விஷயத்தில் மிகக் கவனம். நம் ஊரில் இனிஷியலை நீக்கினால் ஒரே தெருவில் நாலு முத்துப்பாண்டி இருப்பார்கள். இனிஷியல், அமைப்பில் வகிக்கும் பொறுப்பு, பேசிய மேடை, இந்த மூன்றால் அடையாளம் காட்டுங்கள். வீட்டு முகவரி, போன் எண், வண்டி எண், கடைப் பெயர், குடும்பத்தார், சாதி, இவை எதுவும் கூடாது. சாதியைப் போட்டால் அறிக்கை சாதிச் சண்டையாகிவிடும், 196 உங்கள் பக்கமே திரும்பும். பொறுப்பு எதுவும் இல்லாத சாதாரண ஆள் முகநூலில் எழுதியது என்றால் பெயரே வேண்டாம், வாசகத்தை மட்டும் போடுங்கள்.

முகங்களை வரிசையாக அடுக்கவே அடுக்காதீர்கள். நீங்கள் 80 பக்கம் பொறுப்பாக எழுதியிருப்பீர்கள். எவனோ அந்த ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து, “இவனுங்கள மறக்காதீங்க” என்று எழுதி ஃபார்வர்டு பண்ணுவான். நியூரம்பெர்க் கோப்புக்கும் அதற்கும் அப்போது வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகக் கிழித்து எடுத்தாலும் அபாயமில்லையா என்று பார்த்து வடிவமையுங்கள்.

அச்சுக்கு முன் ஒவ்வொருவருக்கும், கிடைத்ததற்கான சான்று வரும்படி கடிதம் அனுப்பி, அவர் சொன்னதாக நீங்கள் போடப்போகும் வாக்கியத்தை அப்படியே எழுதிப் பதில் கேளுங்கள். 15 நாள் கொடுங்கள். பதில் வந்தால் வெட்டாமல் போடுங்கள். மன்னிப்புக் கேட்டு, பேச்சைத் திரும்பப் பெற்றவர் பெயரை எடுத்துவிடுங்கள். வெளியான பிறகு தவறு தெரிந்தால் சத்தமில்லாமல் நீக்காமல், தேதி போட்டுத் திருத்தம் வெளியிடுங்கள். நீதிமன்றத்தில் உங்கள் நல்லெண்ணத்துக்குச் சாட்சி இந்தத் தபால் ரசீதுகள்தான்.

தேர்தல் நேரத்தில் வெளியிடுவதாக இருந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் தொடர்பான துண்டறிக்கை, போஸ்டர்களில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ. மீறினால் 6 மாதம் வரை சிறை. வாக்குப்பதிவு முடியும்வரை தள்ளிவைப்பது நல்லது.

கடைசியாக, உங்கள் மீது ஒட்டிய போஸ்டர். கிழிக்காதீர்கள். கிழித்தால் சாட்சியமும் போச்சு, தெருச்சண்டையும் வரும். சுவர், கடைப் பலகை, தெரு தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, எழுத்து படிக்கும்படி கிட்டத்தில் ஒன்று, கீழே அச்சக வரி இருந்தால் அதை மட்டும் ஒன்று என மூன்று படம் எடுங்கள். பதில் போஸ்டர் ஒட்டுவது கூடவே கூடாது.

ஸ்டேஷனில் வெறும் அவதூறு என்று மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது போட்டு அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் அவதூறு போலீஸ் நேரடியாக விசாரிக்கும் குற்றமில்லை. அதற்கு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார்தான் வழி. போஸ்டரில் மிரட்டலோ, ‘விரட்டுவோம்’ மாதிரி வாசகமோ, வீட்டு முகவரியோ இருந்தால் மனுவில் அதைத் தலைப்பில் எழுதுங்கள், ‘நக்சல்’ என்று சொன்னதை அடுத்த இடத்தில் வையுங்கள். பொதுச் சுவரில் அனுமதியில்லாமல் ஒட்டியதற்கு 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் தனியாக இருக்கிறது, அதையும் சேருங்கள். வழக்குப் பதிய மறுத்தால், புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-இன்படி மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்புங்கள். மாநகரம் என்பதால் உங்களுக்குக் கமிஷனர் அலுவலகம். அதற்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் 175(3) மனு. பெயர் போடப்பட்டவர்களுக்கு நிஜமாகவே பயம் இருந்தால், பாதுகாப்புக் கேட்டுத் தனி மனு இன்றே கொடுங்கள், இந்த மனுவோடு கலக்க வேண்டாம்.

இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போட விரும்பினால், போஸ்டர் வெளியான நாளிலிருந்து 1 ஆண்டுதான் காலக்கெடு. குற்றப் புகாருக்கு 3 ஆண்டு. பெரும்பாலோர் இரண்டுக்கும் 3 ஆண்டு என்று நினைத்துக்கொண்டு சிவில் கெடுவைத் தவறவிடுகிறார்கள். ஒட்டிய தேதியை இன்றே குறித்து வையுங்கள். தேதி சரியாகத் தெரியாவிட்டால், முதலில் பார்த்தவர் யார், எந்த நாள் என்பதை அவரிடமே எழுதி வாங்கிக் கோப்பில் வையுங்கள்.